மாமா தொட்டுப் பார்த்த கல்லூரி

மார்ச் 2

என் செல்ல மருமகள் ஸ்பேனருக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, கொட்டகையில் நிற்கும் ஜெனரேட்டர்கள் எல்லோரும் சுகம். ஒரு ஜெனரேட்டர் மட்டும் இரண்டு நாளாக இருமுகிறது. கவலைப்படாதே, அது எந்த வைத்தியர் கையில் இருக்கிறது என்பது அதற்கே தெரியும்.

உனக்கு எம்.இ. படிக்க இடம் கிடைத்த செய்தியை அக்கா போனில் சொன்னாள். சந்தோஷத்தில் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் தூக்கிப் போட்டேன். அது இன்னும் கீழே வரவில்லை. ஒரு இடம் இல்லை, இரண்டு இடமாம்! ஒன்று எங்கள் ஊர்க் கல்லூரி. இன்னொன்று கடல் தாண்டி, உன் பெரியப்பா அந்தக் காலத்தில் படித்த அதே பல்கலைக்கழகம். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டுமாம். என் மருமகளுக்காக இரண்டு நாடு அடித்துக்கொள்கிறது என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு சின்ன விஷயம். அக்கா சொல்லும்போது, "பெரியவர்தான்டா முதல்ல கேட்டுட்டு அப்படியே கண் கலங்கிட்டார்" என்றாள். அதாவது உன் பெரியப்பாவுக்கு முதலில் தெரிந்திருக்கிறது, எனக்கு இரண்டாவது. நான் எதுவும் நினைக்கவில்லை. அவர் பக்கத்து வீடு, செருப்பு மாட்டுவதற்குள் செய்தி போய்விடும். நான் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் கிடக்கிறவன். இதைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுத மாட்டேன்.

ஒன்றே ஒன்று மட்டும். உன் அப்பா போன பிறகு உன் முதல் சைக்கிளுக்குச் செயின் மாட்டியது யார்? பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு யாருடைய ஸ்பேனரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாய்? அந்தப் பெயர் யார் வைத்தது? பெரியப்பா வைத்திருந்தால் 'திருகு கருவி' என்று வைத்திருப்பார். போகட்டும். முடித்துவிட்டேன்.

இதையெல்லாம் போனில் பேச முடியாது. அக்கா போனை ஸ்பீக்கரில் போடுகிறாள், பின்னால் உன் பெரியப்பா தொண்டையைக் கனைக்கிறார். அதனால்தான் நீ வேலை பார்க்கும் பம்பு கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். நீயும் அங்கிருந்தே பதில் போடு.

எங்கள் ஊர்க் கல்லூரியைப் பற்றி நீ கவலையே படாதே, நானே நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். அந்த இடம் எனக்குப் புதிதா? அவர்கள் நூலகத்துக்குப் பின்னால் நிற்கும் ஜெனரேட்டர் நான் விற்றது. கரண்ட் போனால் அந்தக் கல்லூரியில் அறிவு எரிவதே என் தயவில்தான்.

பழைய ஜெனரேட்டர் வாங்கப் போனால் நான் முதலில் என்ன செய்வேன்? ஓட்டிக் காட்டு என்று கேட்க மாட்டேன். பேச்சை ஆரம்பிக்கும் முன் என்ஜின் மேல் கையை வைப்பேன். சில்லென்று இருந்தால் உட்கார்ந்து பேசுவேன். சூடாக இருந்தால் எழுந்து நடையைக் கட்டுவேன். நான் வரும் முன்பே ஒருவன் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறான் என்றால், அது ஆறிய பிறகு லேசில் கிளம்பாது என்று அர்த்தம். பெயின்ட் பார்த்து ஏமாந்தவர்கள் என் தொழிலில் நிறையப் பேர். கை வைத்துப் பார்த்து ஏமாந்தவன் கிடையாது. கல்லூரியையும் அப்படித்தான் சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தொட்டுப் பார்க்கப் போகிறேன்.

உன் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்ப்பார். உன் மாமா கையால் பார்ப்பான்.

இப்படிக்கு
உன் மாமா
(இந்த வட்டாரத்தின் ஜெனரேட்டர் சக்கரவர்த்தி)


மார்ச் 7

அன்பு மாமாவுக்கு,

ஸ்பேனர் எழுதுகிறேன். அம்மா நலம், நானும் நலம். உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் ஏறிவிட்டதா என்று மேற்பார்வையாளர் சந்தேகமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது என்று நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் மாமா. செய்தி வந்த நேரத்தில் பெரியப்பா எங்கள் வீட்டு மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். வேறொன்றும் இல்லை.

அவர் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, இரண்டு இடத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார். நூலகம், விடுதி, வேலைவாய்ப்பு, தட்பவெப்பம். தட்பவெப்பத்துக்குக்கூடப் போட்டிருக்கிறார்! ஆனால் எனக்கு வேண்டியது அந்தக் கட்டங்களில் இல்லை. அதனால் நீங்கள் போவதாகச் சொன்னதும் நிம்மதியாக இருந்தது.

நான் படிக்கப் போவது அதிர்வு. ஒரு மோட்டார் கெட்டுப் போவதற்கு முன்பே அதன் நடுக்கம் மாறும். அந்த மாற்றத்தைச் சென்சார் வைத்துப் பிடித்து, எந்த பேரிங் எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைப் புத்தகத்தில் படித்தால் வராது. மோட்டாரை ஓடவிட்டு, வேண்டுமென்றே கெடுத்து, நாள்கணக்கில் அளந்து பார்க்க ஒரு சோதனை மேடை வேண்டும். உங்கள் ஊர்க் கல்லூரியில் அது இருக்கிறது என்று அவர்கள் இணையப் பக்கத்தில் படம் போட்டிருக்கிறார்கள். படம் எப்போது எடுத்ததோ!

அங்கே ஒரு பேராசிரியை இருக்கிறார். அவர் எழுதிய ஒரு கட்டுரையை மூன்று தடவை படித்துவிட்டேன். அவரிடம் படிக்க வேண்டும் என்றுதான் அந்தக் கல்லூரிக்கே விண்ணப்பம் போட்டேன். அவர் இப்போதும் மாணவர்களை எடுத்துக்கொள்கிறாரா, அவருக்குக் கீழே எத்தனை பேர், போன வருஷம் முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள், மேடை உண்மையிலேயே ஓடுகிறதா, இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் நல்லது. கட்டடம் எப்படி இருக்கிறது என்பது எனக்கு வேண்டாம்.

தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் இரண்டு வருஷம் போய்விடும் மாமா. கம்பெனியில் இந்த வேலையையும் விட்டுவிட்டுத்தான் போகிறேன்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள்
ஸ்பேனர்


மார்ச் 12

அறிவுக் கொழுந்து ஸ்பேனருக்கு,

போனேன், பார்த்தேன், அசந்துபோனேன். ஆற அமரப் படி.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டேன். கல்லூரி வாசலில் வாட்ச்மேன் என்னைக் கண்டதும் படக்கென்று எழுந்து நின்றார். "சார், யாரைப் பார்க்கணும்?" என்றார். "யாரை வேணாலும் பார்ப்பேன்" என்றேன். அவ்வளவுதான், கேட் தானாகத் திறந்துகொண்டது.

டிபார்ட்மென்ட் மூன்று மாடி. படிக்கட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். உன்னுடைய பேராசிரியை அம்மா என்னைப் பார்த்ததும் வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார். நல்ல வயதானவர், பஞ்சு மாதிரி தலை, தங்க பிரேம் கண்ணாடி. தன் கையாலேயே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். "உங்க மருமகளா? அந்தப் பொண்ணோட அப்ளிகேஷனைப் படிச்சிட்டு நான் அன்னிக்குத் தூங்கவே இல்லை சார்" என்றார். "நீங்க எந்த யுனிவர்சிட்டி?" என்று என்னைக் கேட்டார். "தகரக் கொட்டகை யுனிவர்சிட்டிங்க" என்றேன். சிரித்துச் சிரித்து அந்த அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. முதுகில் தட்டிக்கொடுக்க ஒரு மாணவன் ஓடி வந்தான்.

பிறகு லேப். ஸ்பேனர், அந்த மேடையை நீ பார்க்க வேண்டும். ஒரு லாரி நீளம். மேலே மோட்டார், சுற்றிலும் ஒயர், கல்யாண வீட்டு அலங்காரம் மாதிரி. நான் உள்ளே நுழையும்போதே ஓடிக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், நல்ல சூடு! நாள் முழுக்க ஓடுகிறதாம், நிறுத்துவதே இல்லையாம். போன வருஷம் முடித்தவர்களைப் பற்றிக் கேட்டேன். கம்பெனிக்காரர்கள் பரீட்சை ஹால் வாசலிலேயே கார் போட்டுக் காத்திருந்து அள்ளிக்கொண்டு போனார்களாம். மிச்சம் யாரும் இல்லை.

இதெல்லாம் உன் பெரியப்பாவின் கட்டத்தில் வருமா? தட்பவெப்பத்துக்கு மார்க் போடுகிறவருக்கு மனுஷ மனசு எங்கே தெரியப்போகிறது? அவர் படித்த காலத்தில் அந்த நாட்டில் எல்லாமே நன்றாக இருந்திருக்கும். அந்தப் பட்டமளிப்பு அங்கி போட்ட போட்டோவைத்தான் வரவேற்பறையில் நடுநாயகமாக மாட்டியிருக்கிறாரே, போகும் வரும் ஆளெல்லாம் குனிந்து போக வேண்டிய உயரத்தில்! உன்னையும் அதே அங்கியில் பக்கத்தில் மாட்டிவிட்டு, "இது நான் காட்டின வழி" என்று சொல்ல ஆசைப்படுகிறார். எனக்குத் தெரியாதா?

அதிர்வு என்கிறாய். அதை நான் சுண்டுவிரலால் கண்டுபிடிப்பேன். அதற்கு இரண்டு வருஷம் படிப்பு என்றால் படித்துக்கொள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்த அம்மா எழுதியதை மூன்று தடவை படித்தாய் என்று எழுதியிருக்கிறாய். என் கடிதத்தை எத்தனை தடவை படித்தாய் என்று எழுதவே இல்லை.

இங்கே நீ தங்குவதற்கு எங்கள் மாடியறைக்கு வெளிர்நீலம் அடித்தாகிவிட்டது. ஜன்னலோரம் மேஜை, அதற்கு மேல் வளைகிற கழுத்து விளக்கு, நானே ஒயரிங் செய்தேன். கரண்ட் போனால் உன் அறைக்கு மட்டும் தனி ஜெனரேட்டர். உலகத்தில் எந்த எம்.இ. மாணவிக்கும் இந்த வசதி கிடையாது.

இப்படிக்கு
பேராசிரியை கையால் டீ குடித்த
மாமா


மார்ச் 16

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை இன்று வீட்டுக்குப் போய்ப் படிப்பேன். கணக்கு சரியா?

எனக்காக வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள், மனசு நிறைந்துவிட்டது. மாடியறை விளக்கைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "என் தம்பி ஒயரிங் செய்தான்னா, நீ செருப்புக் காலோடயே சுவிட்சைப் போடு" என்றாள்.

ஒரே ஒரு சின்னச் சந்தேகம். அந்தப் பேராசிரியையின் படத்தை ஒரு கருத்தரங்கின் இணையப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார், அவ்வளவுதான். தலை கறுப்பாகத்தான் இருந்தது. நீங்கள் பார்த்தது வேறு யாரையாவதாக இருக்குமோ?

அங்கே ஒரு மாணவரைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், முதுகில் தட்ட ஓடி வந்தவர். அவர் பெயர், இல்லை போன் நம்பர் கேட்டு எழுதுங்கள் மாமா. நானே பேசிக்கொள்கிறேன். பெரியப்பாவும் அதைத்தான் சொன்னார், "படிக்கிற பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடும்மா" என்று.

உங்கள்
ஸ்பேனர்


மார்ச் 19

மருமகளுக்கு,

எல்லோரும் சுகம்.

பெரியப்பாவும் அதைத்தான் சொன்னாரா? ரொம்பச் சரி. பெரியப்பா சொன்னால் அது யோசனை. மாமா சொன்னால் அதற்குச் சாட்சி வேண்டும், போன் நம்பர் வேண்டும், முடியின் நிறம் வேண்டும். நான் என்ன கோர்ட்டிலா நிற்கிறேன்?

தலை வெளுப்பாகத்தான் இருந்தது. சாக்பீஸ் தூளாக இருக்கலாம், நான் என்ன தட்டியா பார்த்தேன்? படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இரண்டு வருஷத்தில் நரைத்துவிடும். உன்னைப் போன்ற சந்தேகப் பிராணிகள் நாலு பேர் வகுப்பில் இருந்தால் ஒரே வருஷத்தில்.

உன் பெரியப்பா மீது எனக்குப் பொறாமை என்று அக்கா சொல்கிறாளாம். எனக்கா? அவரிடம் என்ன இருக்கிறது பொறாமைப்பட? பென்ஷன் இருக்கிறது. அங்கி போட்டோ இருக்கிறது. பேசும்போது 'ஆக்சுவலி' என்று ஆரம்பிக்கத் தெரியும். நீ பள்ளியில் பரிசு வாங்கியபோது மேடைக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி, எனக்கு மைக் செட் பக்கத்தில் நிற்க இடம். மைக் செட் அன்று மக்கர் பண்ணியது, நான் சரி செய்தேன், அதனால்தான் உன் பெயரே ஊருக்குக் கேட்டது. இதையெல்லாம் நான் நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லை.

இங்கே வந்தால் வா. இல்லையென்றால் அவர் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்.

இப்படிக்கு
மாமா
(பட்டம் எதுவும் போடவில்லை)

அன்புச் செல்லத்துக்கு, அத்தை எழுதுகிறேன். கவரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், ஒட்டும் முன்பு இரண்டு வரி. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனது உண்மை. போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டார். வாசலில் நின்றவன் "கடுதாசி ஏதாச்சும் இருக்கா, யாரு நீ"ன்னு கேட்டிருக்கிறான் போல. என்னிடம் சொல்லவில்லை, தனக்குள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. டீ வீட்டில்தான் குடித்தார். மாடியறைக்கு மட்டும் தினமும் போய் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். கோபித்துக்கொள்ளாதே.


மார்ச் 23

அன்பு மாமாவுக்கு,

அத்தையும் நீங்களும் நலமா?

கல்லூரியின் இணையப் பக்கத்தில் மாணவர்கள் பட்டியலைப் பார்த்து, கடைசி வருஷம் படிக்கும் ஒருவருக்கு எழுதினேன். நல்ல மனிதர், நேராகப் பதில் சொன்னார். அந்தப் பேராசிரியை போன வருஷமே வேறு ஊருக்குப் போய்விட்டாராம். இணையப் பக்கத்தில் அவர் பெயரை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். சோதனை மேடையில் ஏதோ பாகம் போய்விட்டது, வாங்கித் தருவதாகச் சொல்லி லேப்பைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். மாணவர்கள் எல்லோரும் வேறு யாரோ அளந்த அளவுகளை வாங்கிக் கணினியில் போட்டுப் பார்த்து முடிக்கிறார்கள். பாடம் நடத்துவதில் குறை இல்லையாம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா மாமா, என்ஜின் சூடாக இருந்தால் எழுந்து நடையைக் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை மூன்றாவது தடவை படித்தபோது தொட்டுப் பார்த்தேன். ரொம்பச் சூடாக இருந்தது.

கடல் தாண்டிய இடத்திலும் இரண்டு பேரிடம் பேசினேன். அங்கே ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு ரொம்பக் கண்டிப்பாம், எழுதிக்கொண்டு போனதை முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுப்பாராம். ஆனால் மேடை ஓடுகிறது. அதில் வேலை செய்கிற பெண் சொன்னாள், வாரம் முழுக்க அவள் அதன் பக்கத்திலேயே கிடக்கிறாளாம், சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று இப்போது தெரிகிறதாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை மாமா. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் நான் உங்கள் ஊருக்கே வருகிறேன். ராத்திரி ரயில் தூரம் என்றால் அம்மா தாங்குவாள். கடல் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறாள். நீங்களும் பெயின்ட் அடித்துவிட்டீர்கள். தினமும் விளக்கைப் போட்டுப் பார்க்கிறீர்கள். மேடை இல்லாவிட்டால் என்ன, எல்லோரையும் போல நானும் கணினியில் முடித்துக்கொள்கிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் உங்கள் ஊர்க் கல்லூரிக்குச் சம்மதம் அனுப்பிவிடுவேன். பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இப்படிக்கு
மருமகள்


மார்ச் 27
(கூரியர், அவசரம்)

என் தங்க ஸ்பேனருக்கு,

மாமா எழுதுவது. உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை என்று அத்தை எழுதினால் நம்பாதே. ஒரு வாய் குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சம்மதத்தை அனுப்பிவிடாதே. கையை எடு. முதலில் இதைப் படி.

நேற்று மறுபடியும் அந்தக் கல்லூரிக்குப் போனேன். இந்தத் தடவை வெள்ளைச் சட்டை இல்லை. கொட்டகை உடுப்பு, தோளில் டூல் பை, பின்பக்க கேட். "ஜெனரேட்டர் சர்வீஸ்" என்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. (அங்கே நிற்பது நான் விற்ற ஜெனரேட்டர்தானா என்று கேட்காதே, பெயின்ட்டை மாற்றிவிட்டார்கள்.) நேராக மூன்றாவது மாடி. லேப் பூட்டியிருந்தது. பூட்டில் துரு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மோட்டார் மேல் தார்ப்பாய், தார்ப்பாய் மேல் தூசி. கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. எட்டியிருந்தாலும் ஒன்றுதான். சில்லென்று இருப்பதில் இரண்டு வகை உண்டு ஸ்பேனர். ராத்திரி ஓய்வெடுத்துவிட்டுக் காலையில் கிளம்பக் காத்திருக்கிற சில்லிப்பு ஒன்று. இது அது இல்லை.

போன தடவை நான் போனபோது எவ்வளவு ஜோராக இருந்தது! இந்தக் கொஞ்ச நாளில் எப்படிக் கெட்டுப்போய்விட்டது பார்! அந்த வயதான அம்மாகூட என்னைப் பார்த்துவிட்டுப் போன துக்கத்தில்தான் வேலையை விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இன்னும் கேள். மோட்டாருக்குள் தேன்கூடு. சென்சார் ஒயரை எலி கடித்துத் தின்று கொழுத்து, இப்போது எலியைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது. இரண்டு புறாக்கள் பல வருஷமாக லேப்பிலேயே இருக்கின்றன, அவைதான் அங்கே சீனியர் மாணவர்கள். துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். எழுப்பினால் 'லீவ்' என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்குகிறார். இப்படிப்பட்ட இடத்துக்கு என் மருமகளா?

அடுத்தது மாடியறை. அது இனிமேல் கிடையாது, வாடகைக்கு விட்டாகிவிட்டது. ட்ரம்பெட் கற்றுக்கொள்கிற ஒரு ஆள். அவனுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும், அதுவும் பாதி. இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டேன், நினைத்தாலும் காலி பண்ண முடியாது. வெளிர்நீலமும் உரிந்துவிட்டது. உன் அத்தை சமையலும் இப்போது வாயில் வைக்கக் கஷ்டமாக இருக்கிறது. (இந்த வரியை அவள் படிக்கக் கூடாது என்று இந்தத் தடவை கவரை நானே ஒட்டுகிறேன்.)

அதனால் உனக்கு இங்கே தங்க இடம் இல்லை. மன்னித்துக்கொள். கடல் தாண்டிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒரு தடவை ராத்திரி ரயில் ஏறி வந்து அவளோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறேன். அவளுக்கு வேண்டியது அதுதான்.

அந்தக் கைடு முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்கிறாரா? கொடுக்கட்டும். பழையதை விற்கிறவன்தான் எதற்கெடுத்தாலும் 'பிரமாதம்' என்பான். ஒரு தொழிலில் இவ்வளவு நாள் இருந்தவன் சொல்கிறேன்.

உன் பெரியப்பாவிடம், அவர் போட்ட கட்டம்தான் ஜெயித்தது என்று சொல்லிவிடு. வேண்டாம், சொல்லாதே. மாமா இரண்டு தடவை நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவானது என்று சொல்லு. எப்படியோ சொல்லிக்கொள். ஆனால் ஒன்று, விமான நிலையத்துக்கு வழியனுப்ப வரும்போது உன் பெரிய பெட்டி என் கையில்தான் இருக்க வேண்டும். அவர் வேண்டுமானால் அந்தக் கைப்பையைத் தூக்கிக்கொள்ளட்டும், பாஸ்போர்ட் இல்லாத பையை.

இப்படிக்கு
உன் மாமா
(ட்ரம்பெட்டால் காது போன சக்கரவர்த்தி)


செப்டம்பர் 4

அன்பு மாமாவுக்கு,

ஸ்பேனர் வந்து சேர்ந்தாள். பெரிய பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. நீங்கள் அதைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்து, பாதுகாப்புக்காரர் அதற்குள் என்ன இருக்கிறது என்று தனியாகத் திறந்து பார்த்தார். பெரியப்பா கடைசிவரை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

என் அறை ஜன்னலைத் திறந்தால் வண்டி நிறுத்துமிடம்தான் தெரிகிறது. பக்கத்து அறைக்காரிக்கு மரம் தெரிகிறது. அவள் காலையில் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் உங்கள் அக்கா மகள்தானே!

இன்று காலை முதல் தடவையாக லேப்புக்குப் போனேன். மார்ச்சில் நான் பேசிய, மேடையில் வேலை செய்கிற அந்தப் பெண் சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டாள். அவள் சுவிட்சைத் தொடும் முன்பே நான் போய் மோட்டார் மேல் கையை வைத்துவிட்டேன். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் இப்படித்தான் வணக்கம் சொல்லுவோம் என்றேன். சில்லென்று இருந்தது மாமா. நீங்கள் சொன்ன முதல் வகை. சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல்கூட இல்லாமல் கிளம்பிவிட்டது.

கைடு நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுத வேண்டும். என் மேஜையில் வளைகிற கழுத்து விளக்கு இல்லை.

மாடியறை வாடகைக்காரர் சௌக்கியமா? ட்ரம்பெட்டில் மிச்சப் பாதியையும் கற்றுக்கொண்டுவிட்டாரா? அத்தையோடு போனில் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன், ஒரு சத்தமும் வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இங்கிருந்து நான் எழுதும் முதல் கடிதம் இது. அம்மாவிடம் போனில் பேசினேன், அது கணக்கில் வராது. பெரியப்பாவுக்கு அடுத்த வாரம்தான் எழுதப் போகிறேன்.

உங்கள்
ஸ்பேனர்


செப்டம்பர் 19

என் உயிர் ஸ்பேனருக்கு,

உன் கடிதம் வந்தது. எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

வந்த உடனே உன் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். "என்ன அத்தான், சௌக்கியமா? நம்ம பொண்ணுகிட்டேருந்து லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா?" என்றேன்.

"இல்லையே மாப்ளே. ஆக்சுவலி, இந்தக் காலத்துல யாரு லெட்டர் எழுதுறா?" என்றார்.

"அப்படியா?" என்றேன். "இல்ல, சும்மாதான் கேட்டேன்."

வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன் என்று உன் அத்தையைக் கேள். கொட்டகையில் எல்லா ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன்.

ஆனால் இன்னும் எழுதவில்லை என்றால் அவருக்கும் ஒன்று எழுதிவிடு. சின்னதாக எழுது.

வாடகைக்காரன் நேற்றுத்தான் காலி செய்துகொண்டு போனான். போகும்போது மேஜையையும் விளக்கையும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மறதிக்காரப் பயல்.

இப்படிக்கு
உன் மாமா